குக்கீ பேனர் போட்டும் ‘ஏற்கிறேன்’ அழுத்துவதற்கு முன்பே குக்கீ விழுகிறது: தப்பு எங்கே?

வலைத்தறி கேட்டது:

வேர்ட்பிரஸ்ஸில் ஓடும் தளம். விற்பனை கிடையாது. லாகின், கமெண்ட், தேடல், சில பக்கங்களில் யூடியூப் வீடியோ, கூகுள் அனலிட்டிக்ஸ் (ஜிஏ4), ஒரு ஃபேஸ்புக் பிக்சல் (விளம்பரத்துக்காக வாசகரைக் கண்காணிக்கும் துண்டு), அவ்வளவுதான். ஐரோப்பிய வாசகர்களும் வருவதால் குக்கீ பேனர் பிளகின் ஒன்று நிறுவியிருக்கிறது. இருந்தும் மூன்று சிக்கல்கள்.

முதலாவது, பேனரில் எதையும் தொடாமல் இருக்கும்போதே பிரவுசரின் டெவ்டூல்ஸில் அனலிட்டிக்ஸின் _ஜிஏ குக்கீ தெரிகிறது. இரண்டாவது, ஐபோனில் வருபவர்களுக்கு ‘நிராகரி’ கொடுத்த பிறகும் வாரம் ஒருமுறை பேனர் திரும்ப வருகிறது. மூன்றாவது, எந்தெந்தக் குக்கீக்கு அனுமதி கேட்கத் தேவையில்லை என்பது. பிளகின் எல்லாவற்றையும் ‘அவசியம்’ என்ற தலைப்பில் போட்டுவைத்திருக்கிறது, அதை நம்பலாமா?

---

சும்மாவிடு எழுதியது:

இதுக்குப் போய் இவ்வளவு கவலையா? ‘தளத்தைத் தொடர்ந்து பயன்படுத்தினால் குக்கீகளுக்குச் சம்மதித்ததாகப் பொருள்’னு கீழே ஒரு பட்டை போட்டுவிடுங்க. பாதி தளங்கள்ல அதுதானே இருக்கு.

---

பின்வாசல் எழுதியது:

சும்மாவிடு சொல்ற பட்டைக்கு ஷரத்து5 வந்து பதில் சொல்வார், அதை அவரிடமே விடுறேன். நான் முதல் சிக்கலுக்கு வர்றேன்.

தளத்தைத் திருத்துறதுக்கு முன்னாடி சோதிக்கிற முறையைச் சரி பண்ணுங்க. பலர் இன்காக்னிட்டோவில் பார்த்துட்டு ‘மூன்றாம் தரப்புக் குக்கீ ஒண்ணுமே இல்லையே’னு நிம்மதி ஆயிடுறாங்க. குரோம் இன்காக்னிட்டோ மூன்றாம் தரப்புக் குக்கீயை (உங்கள் தளம் அல்லாத வேறு டொமைன் வைக்கிறதை) இயல்பாகவே தடுக்கும். ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் சாதாரண விண்டோவிலேயே தடுக்கும் அல்லது தனித்தனியா அடைச்சு வைக்கும். ஆட் பிளாக்கர் இருந்தா இன்னும் சுத்தம், கோரிக்கையே வெளியே போகாது. ஆகவே எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லாத புது குரோம் புரொஃபைல் ஒண்ணு உருவாக்குங்க, மூன்றாம் தரப்புக் குக்கீ அமைப்பு திறந்திருக்கான்னு பாருங்க, அதுலதான் சோதனை.

எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் தாவலில் ‘பிரிசர்வ் லாக்’, ‘டிஸேபிள் கேச்’ இரண்டையும் டிக் பண்ணுங்க. பக்கத்தைத் திறந்து பத்து விநாடி மவுஸைக்கூட அசைக்காதீங்க. பிறகு அப்ளிகேஷன் தாவலில் குக்கீஸ், அடுத்து லோக்கல் ஸ்டோரேஜ் (குக்கீ தவிர, தளம் பிரவுசரில் தகவல் வைக்கிற இன்னொரு இடம்) இரண்டையும் பாருங்க. இரண்டாவதை யாரும் பார்ப்பதில்லை, ஆனா பாதி விஷயம் அங்கேதான் ஒளிஞ்சிருக்கும். நெட்வொர்க்கில் ‘கலெக்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டு வடிகட்டினா ஜிஏ4 அனுப்பும் கோரிக்கை தெரியும். பேனரைத் தொடுவதற்கு முன்னாடி அது இருந்தா, குக்கீ விழுந்தாலும் விழாவிட்டாலும் கசிவு கசிவுதான்.

இப்போ அந்தக் கோரிக்கை வரியில் ‘இனிஷியேட்டர்’ பத்தியைப் பாருங்க. அது காட்டும் ஃபைலில் மவுஸை வெச்சா யார் யாரைக் கூப்பிட்டாங்கன்னு சங்கிலியா விரியும். சங்கிலியின் தலையில் உங்கள் பக்கத்தின் முகவரியும் ஒரு வரி எண்ணும் இருந்தா, தீமின் ஹெடர் ஃபைலில் யாரோ அனலிட்டிக்ஸ் துண்டை நேரடியா ஒட்டியிருக்காங்க, பேனர் பிளகினுக்கு அது தெரியவே தெரியாது. டேக் மேனேஜர் (இந்த மாதிரித் துண்டுகளை, அதாவது டேகுகளை, ஒரே இடத்திலிருந்து ஏற்றும் கூகுள் கருவி) ஃபைல் இருந்தா, உள்ளே அந்த டேகின் டிரிகர் ‘ஆல் பேஜஸ்’னு இருக்கு, அனுமதி நிபந்தனை இல்லை. வேறொரு பிளகின் பெயர் இருந்தா (எஸ்இஓ பிளகின்கள் இதில் கெட்டிக்காரங்க) அது தன் சொந்தச் செலவில் இன்னொரு முறை ஏற்றுது.

நாலாவது வகை ஒண்ணு இருக்கு, கண்டுபிடிக்க நாளாகும். வேகம் கூட்டுற கேச் பிளகின், எல்லா ஸ்கிரிப்டையும் ஒண்ணாக் கட்டி ‘டிஃபர்’ (பக்கத்தைப் படிச்சு முடிச்ச பிறகு ஓடுங்கிற குறி) போடும். பேனர் ஸ்கிரிப்ட் அதில் மாட்டி பக்கத்தின் கடைசிக்குப் போயிடும். ஹெட்டில் இன்லைனா இருக்கிற அனலிட்டிக்ஸ் மட்டும் முந்திக்கும். காவலாளி வர்றதுக்குள்ள ஆள் உள்ளே. பேனர் ஸ்கிரிப்டை அந்த பிளகினின் விலக்குப் பட்டியலில் சேருங்க. அது ஹெட்டில் முதல் ஸ்கிரிப்டா, டிஃபர் இல்லாம ஓடணும்.

தடுக்கும் முறை எளிமையானது. அனலிட்டிக்ஸ் ஸ்கிரிப்ட் டேகின் டைப்பை ‘டெக்ஸ்ட்/பிளெயின்’னு மாத்திட்டா பிரவுசர் அதை வெறும் எழுத்தா நினைச்சு ஓட்டாது. அனுமதி வந்ததும் ஓட வைக்கணும். இங்கே ஒரு பள்ளம்: அதே டேகின் டைப்பைத் திரும்ப மாத்தினா மட்டும் ஓடாது. புதுசா ஒரு ஸ்கிரிப்ட் எலிமென்ட் உருவாக்கி, உள்ளடக்கத்தை அதுக்கு நகலெடுத்து, பழையதின் இடத்தில் செருகணும். கையால் எழுதுறவங்க பெரும்பாலும் இதில்தான் ‘ஏற்றுக்கொண்டாலும் அனலிட்டிக்ஸ் வரலையே’னு மாட்டுவாங்க.

பிக்சல் துண்டில் ‘நோஸ்கிரிப்ட்’ பகுதி ஒண்ணு கூடவே வரும், அதுக்குள்ளே ஒரு படம். ஜாவாஸ்கிரிப்ட் அணைச்சு வெச்சிருக்கிறவருக்கு உங்கள் பேனரே தெரியாது, ஆனா அந்தப் படம் மட்டும் கேட்காம ஏறும். அதை அப்படியே அழிச்சிடுங்க.

---

ஷரத்து5 எழுதியது:

சும்மாவிடு சொன்ன பட்டை செல்லாது. ‘தொடர்ந்து உலவினால் சம்மதம்’, ‘ஸ்க்ரோல் செய்தால் சம்மதம்’ இரண்டையும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் 2020 மே மாத வழிகாட்டுதலில் வெளிப்படையாக மறுத்துவிட்டது. தெளிவான ஒரு செயல் வேண்டும் என்பது ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரின் வரையறை. ஸ்க்ரோல் செய்வது படிப்பதற்காக, அதைக் கையெழுத்தாக எடுத்துக்கொள்ள முடியாது.

குக்கீக்கான சட்டம் ஜிடிபிஆர் என்று பலர் நினைக்கிறார்கள். அடிப்படை விதி 2002-ஆம் ஆண்டின் இ-பிரைவசி டைரக்டிவ், ஷரத்து 5(3). முன் அனுமதி என்ற நிபந்தனை 2009 திருத்தத்தில் வந்தது. 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த ஜிடிபிஆர் அந்த ‘அனுமதி’ என்ற சொல்லின் தரத்தை உயர்த்தியது. இந்த வரிசை ஏன் முக்கியம் என்றால், 5(3)-இல் ‘குக்கீ’ என்ற சொல்லைச் சுற்றி விதி கட்டப்படவில்லை. பயனரின் கருவியில் தகவலைச் சேமிப்பது, அல்லது அங்கே ஏற்கனவே இருப்பதை எடுத்துப் படிப்பது, இரண்டுமே அதற்குள் வரும். ‘நாங்கள் குக்கீ வைப்பதில்லை, லோக்கல் ஸ்டோரேஜில்தான் வைக்கிறோம்’ என்பது ஒரு பதிலே இல்லை. அதில் இருப்பது தனிநபர் தகவலா இல்லையா என்பதும் பொருட்டல்ல. ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபர் 1 அன்று பிளானெட்49 வழக்கில் இதைச் சொன்னது. முன்கூட்டியே டிக் போட்ட பெட்டி அனுமதி ஆகாது என்பதும், குக்கீ எவ்வளவு காலம் உயிரோடிருக்கும், வேறு யார் அதை அணுகுவார்கள் என்று சொல்லியாக வேண்டும் என்பதும் அதே தீர்ப்பு.

உங்கள் மூன்றாவது கேள்வி. விதிவிலக்கு இரண்டே இரண்டு: தகவல் பரிமாற்றம் நடப்பதற்கு மட்டுமே தேவையானது, பயனரே கேட்ட சேவையைத் தர கண்டிப்பாகத் தேவையானது. ‘எனக்குத் தேவை’ என்று தளக்காரர் சொல்வது இதில் சேராது. உங்கள் தளத்தில் லாகின் செஷன், கமெண்ட் படிவத்துக்கான பாதுகாப்பு டோக்கன், சுமையைப் பிரிக்கும் சர்வர் குக்கீ இருந்தால் அது, வாசகர் தானே தேர்ந்தெடுத்த மொழி, பேனரில் அவர் கொடுத்த விடையைச் சேமிக்கும் குக்கீ ஆகியவை அவசியம். கமெண்ட் எழுதியவரின் பெயரையும் மின்னஞ்சலையும் நினைவில் வைக்கும் வேர்ட்பிரஸ் குக்கீ அதில் சேராது. அதற்குத்தான் படிவத்திலேயே டிக் பெட்டி இருக்கிறது, அது காலியாகவே தொடங்க வேண்டும். அனலிட்டிக்ஸும் பிக்சலும் ஒருபோதும் ‘அவசியம்’ பட்டியலில் வராது. அங்கே அவற்றைப் போட்டிருக்கும் பிளகினை நம்ப வேண்டாம்.

பிரான்ஸின் தரவுப் பாதுகாப்புக் கண்காணிப்பு அமைப்பான சிஎன்ஐஎல் வாசகர் எண்ணிக்கைக் கணக்குக்கு ஒரு சிறு கதவு திறந்துவைத்திருக்கிறது: தளக்காரரின் பயனுக்கு மட்டும், வேறு தளங்களோடு இணைக்காமல், குக்கீ ஆயுள் 13 மாதத்துக்கு மிகாமல், தரவு 25 மாதத்துக்கு மிகாமல். வழக்கமான ஜிஏ4 அமைப்பை வைத்துக்கொண்டு அந்தக் கதவுக்குள் நுழையப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று. சில பேனர்களின் இரண்டாம் திரையில் ‘நியாயமான நலன்’ என்று ஒரு வரிசை சுவிட்சுகள் முன்கூட்டியே இயக்கப்பட்டிருக்கும். ஜிடிபிஆரில் அப்படி ஓர் அடிப்படை உண்டு. ஆனால் 5(3)-இல் கிடையாது. குக்கீ வைக்க அனுமதி, அல்லது மேலே சொன்ன இரண்டு விலக்குகள். மூன்றாவது வழி இல்லை.

‘நிராகரி’ பொத்தான் முதல் திரையிலேயே, ‘ஏற்கிறேன்’ பொத்தானுக்குச் சமமாக இருக்கட்டும். ஏற்க ஒரே கிளிக், மறுக்கப் பல கிளிக் என்று வைத்திருந்ததற்காக 2022 ஜனவரியில் சிஎன்ஐஎல் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது. பச்சைப் பொத்தானுக்குப் பக்கத்தில் வெளிர் சாம்பல் எழுத்தில் ‘மேலும் விருப்பங்கள்’ என்று வைப்பதும் அதே குடும்பம்தான்.

---

கம்பிவேலி எழுதியது:

இரண்டாவது சிக்கல், ஐபோன். காரணம் உங்கள் பேனர் தன் விடையை ஜாவாஸ்கிரிப்ட் வழியாக எழுதுவது. ஸ்கிரிப்ட் எழுதும் குக்கீக்கு நீங்கள் 6 மாதம் என்று ஆயுள் கொடுத்தாலும் சஃபாரி 2019-லிருந்து அதை 7 நாளாக வெட்டிவிடும். லோக்கல் ஸ்டோரேஜுக்கு மாற்றினாலும் தப்ப முடியாது. வாசகர் உங்கள் தளத்தைத் தொடாமல் 7 நாள் சஃபாரியைப் பயன்படுத்தினால் அதையும் அழித்துவிடும். ஐபோனில் குரோம் வைத்திருந்தாலும் உள்ளே ஓடுவது பொதுவாக அதே வெப்கிட் இன்ஜின்தான்.

தீர்வு: விடையை சர்வர் எழுத வேண்டும். பொத்தானை அழுத்தியதும் உங்கள் தளத்திலேயே உள்ள ஒரு சிறு முகவரிக்கு போஸ்ட் கோரிக்கை போகட்டும், அங்கிருந்து இந்த ஹெடர் திரும்பட்டும்:

செட்-குக்கீ: ஒப்புதல்=ப3.அ0.வி0; மேக்ஸ்-ஏஜ்=15552000; பாத்=/; டொமைன்=தளம்; செக்யூர்; சேம்சைட்=லாக்ஸ்

(புரிவதற்காகத் தமிழில் எழுதியிருக்கிறேன், உண்மையில் எல்லாம் ஆங்கில எழுத்துதான்.) ஒவ்வொரு துண்டிலும் ஒரு பொறி இருக்கிறது.

மதிப்பு: ப3 என்பது பேனர் வாசகத்தின் மூன்றாம் பதிப்பு, அ0 அனலிட்டிக்ஸ் வேண்டாம், வி0 விளம்பரம் வேண்டாம். பதிப்பு எண் கட்டாயம். நாளைக்குப் புதிய நிறுவனத்தின் டேக் சேர்த்தால் பழைய அனுமதி அதற்குப் பொருந்தாது. எண்ணைக் கூட்டினால் எல்லாரிடமும் தானாக மறுபடி கேட்கும். மதிப்பாக ஜேசனை அப்படியே போடாதீர்கள். கமாவும் மேற்கோள் குறியும் குக்கீ மதிப்பில் அனுமதிக்கப்பட்ட எழுத்துகள் அல்ல. போட்டே ஆக வேண்டுமென்றால் யூஆர்எல் என்கோடிங் செய்யுங்கள்.

மேக்ஸ்-ஏஜ்: 15552000 விநாடி என்றால் 180 நாள். சிஎன்ஐஎல் பரிந்துரைப்பதும் 6 மாதம். நீளமாகப் போட ஆசைப்பட்டாலும் குரோம் 2022 முதல் எந்தக் குக்கீயையும் 400 நாளுக்கு மேல் வைத்திருக்காது. ‘நிராகரி’க்கும் இதே ஆயுள்தான் கொடுக்க வேண்டும். ஏற்றவரை ஆறு மாதம் விட்டுவிட்டு மறுத்தவரை ஒவ்வொரு பக்கத்திலும் நச்சரிப்பது சில பிளகின்களின் இயல்பு அமைப்பு. அதைப் பிழை என்று சொல்ல மனம் வரவில்லை, வேண்டுமென்றே செய்தது போலத்தான் இருக்கிறது.

டொமைன்: இதை எழுதாமல் விட்டால் குக்கீ அந்த ஒரு ஹோஸ்டுக்கு மட்டும். டபிள்யூ-டபிள்யூ-டபிள்யூ உள்ள முகவரியில் மறுத்தவர் அது இல்லாத முகவரிக்கு வந்தால் பேனர் மறுபடி நிற்கும். இரண்டில் ஒன்றை மற்றதற்கு 301 (நிரந்தர) ரீடைரக்ட் செய்தாலும் தீரும்.

ஹெச்டிடிபி-ஒன்லி: ஸ்கிரிப்ட் படிக்க முடியாதபடி குக்கீயை மூடும் குறி, வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். லாகின் குக்கீக்கு அது கட்டாயம். ஆனால் அனுமதிக் குக்கீயைப் பேனர் ஸ்கிரிப்ட் படிக்க வேண்டும். ‘பாதுகாப்புக்காக’ எல்லாக் குக்கீக்கும் அதைச் சேர்க்கும் சர்வர் அமைப்பு இருந்தால், குக்கீ பத்திரமாக இருக்கும், பேனரும் தினமும் வரும்.

சேம்சைட்: ‘ஸ்ட்ரிக்ட்’ போட்டால் தேடுபொறி முடிவிலிருந்து லிங்க் அழுத்தி வருபவரின் முதல் கோரிக்கையில் குக்கீ சர்வருக்கு வராது. பேனரைக் காட்டுவதா வேண்டாமா என்று சர்வர் முடிவு செய்தால் அப்போது தவறாகக் காட்டும். லாக்ஸ் போதும்.

அந்த முடிவை சர்வரில் எடுக்காமல் இருப்பதே நல்லது. முழுப்பக்க கேச் இருந்தால் முதல் ஆளுக்குத் தயாரித்த பக்கம்தான் எல்லாருக்கும் போகும். முதல் ஆள் ‘ஏற்கிறேன்’ சொன்னவர் என்றால், அனலிட்டிக்ஸ் திறந்த பக்கம் ஊருக்கே விநியோகம். பக்கம் எப்போதும் எல்லாம் தடுக்கப்பட்ட நிலையிலேயே வெளியேறட்டும், திறப்பது பிரவுசரில் நடக்கட்டும்.

பேனர் சேவை நிறுவனத்தின் சர்வருக்கு உங்கள் சப்டொமைனை சிநேம் (ஒரு முகவரியை இன்னொன்றுக்குத் திருப்பும் டிஎன்எஸ் பதிவு) வைத்துக் காட்டி, அங்கிருந்து செட்-குக்கீ அனுப்பலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். சஃபாரி அந்த உபாயத்தையும் கண்டுபிடித்து 7 நாளாக்கிவிடும். தளம் ஓடும் அதே சர்வர்தான் எழுத வேண்டும்.

---

வலைத்தறி எழுதியது:

இனிஷியேட்டர் சங்கிலியின் தலையில் தீமின் ஹெடரே இருந்தது, கூடவே எஸ்இஓ பிளகினிலும் அதே அளவீட்டு ஐடி. இரண்டையும் எடுத்து, பேனருக்குப் பின்னால் ஒரே இடத்தில் வைத்தாயிற்று. குக்கீ இப்போது முன்னதாக விழவில்லை.

மிச்சம் இரண்டு. ஏற்றுக்கொண்டு பிறகு அமைப்புக்குப் போய் ‘நிராகரி’ மாற்றினால் _ஜிஏ அப்படியே நிற்கிறது, அழிக்கும் கோடு (நிரல்) ஓடியும் போகவில்லை. யூடியூப் வீடியோக்களுக்கு ‘நோகுக்கி’ முகவரி (குக்கீ இல்லை என்ற பெயரில் யூடியூப் தரும் மாற்று முகவரி) போட்டால் போதுமா?

---

பின்வாசல் எழுதியது:

குக்கீயை ‘அழி’ன்னு தனிக் கட்டளை செட்-குக்கீ ஹெடரில் கிடையாது. அதே பெயர், அதே டொமைன், அதே பாத், மேக்ஸ்-ஏஜ் 0 போட்டு மறுபடி எழுதுறதுதான் அழிப்பு. முதல் மூன்றில் ஒண்ணு மாறினாலும் பிரவுசர் அதை வேறொரு குக்கீயாத்தான் பார்க்கும். எர்ரரும் வராது, சத்தமில்லாம ஒண்ணும் நடக்காது.

ஜிஏ4 தன் குக்கீயை எழுதும்போது சப்டொமைன் எல்லாத்துக்கும் பொதுவான மேல் டொமைனில் எழுதும். அப்ளிகேஷன் தாவலில் டொமைன் பத்தியைப் பாருங்க, முன்னால் ஒரு புள்ளி இருக்கும். உங்கள் கோடு டொமைன் குறிப்பிடாம அழிக்கப் பார்க்குது, அதான் கை நழுவுது. டொமைனைக் குறிப்பிட்டு அழிங்க, பாத் சாய்கோடு. _ஜிஏ-வோட அளவீட்டு ஐடி ஒட்டிய இன்னொரு குக்கீயும் இருக்கும். இரண்டுமே 2 வருட ஆயுள், இரண்டையும் எடுங்க. பிக்சலுக்கு _எஃப்பிபி, அது 90 நாள்.

அழிச்ச கையோட பக்கத்தை ரீலோட் பண்ணுங்க. ஸ்கிரிப்ட் ஏற்கனவே மெமரியில் ஓடிக்கிட்டிருக்கு. ரீலோட் இல்லாட்டி அடுத்த ஸ்க்ரோல் நிகழ்விலேயே குக்கீ மறுபடி முளைக்கும். ஃபேஸ்புக், யூடியூப் டொமைனில் விழுந்த மூன்றாம் தரப்புக் குக்கீயை உங்கள் தளம் தொடவே முடியாது. இனிமேல் அவங்க ஸ்கிரிப்டை ஏற்றாம இருக்கலாம், அவ்வளவுதான் கையில் இருக்கு.

---

ஷரத்து5 எழுதியது:

திரும்பப் பெறுவது கொடுத்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும் என்பது ஜிடிபிஆர் 7(3). தனியுரிமைப் பக்கத்தின் அடியில் புதைக்காமல், எல்லாப் பக்கத்தின் ஃபுட்டரிலும் ‘குக்கீ அமைப்பு’ என்ற லிங்க் வையுங்கள். அனுமதி வாங்கியதை நிரூபிக்கும் பொறுப்பு 7(1)-இன்படி உங்களுடையது. ஆகவே ஒரு பதிவு வேண்டும்: தற்செயல் எண் ஒன்று, நேரம், பேனர் பதிப்பு, என்ன தேர்வு. அந்தந்தப் பதிப்பின் பேனர் எப்படி இருந்தது என்பதற்கு ஸ்கிரீன்ஷாட். முழு ஐபி முகவரியைச் சேர்த்து வைக்காதீர்கள், அனுமதியை நிரூபிக்கப் போய்ப் புதிதாக ஒரு தரவுக் குவியல் உருவாகும்.

---

நடுவழி எழுதியது:

யூடியூப் நோகுக்கி முகவரியின் பெயர் கொஞ்சம் ஏமாற்று. குக்கீ குறையும், ஆனால் பிளேயர் ஏறியதுமே லோக்கல் ஸ்டோரேஜில் எழுதும். ஷரத்து5 சொன்னபடி அதுவும் 5(3)-க்குள் வரும். ஐஃபிரேமை (பிளேயர் ஏறும் சட்டகத்தை) முதலிலேயே பக்கத்தில் வைக்க வேண்டாம். வீடியோவின் முகப்புப் படத்தைத் தரவிறக்கி உங்கள் சர்வரிலேயே வையுங்கள் (யூடியூப் முகவரியிலிருந்து காட்டினால் அப்போதே அங்கே கோரிக்கை போய்விடும்). மேலே ஒரு பிளே பொத்தான், கீழே ‘அழுத்தினால் வீடியோ யூடியூபிலிருந்து வரும், அது உங்கள் கருவியில் தகவல் சேமிக்கும்’ என்று ஒரு வரி. அழுத்தியதும் ஐஃபிரேமை உருவாக்குங்கள். பக்கமும் கண்கூடாக வேகமாகும், பிளேயர் லேசான ஆள் இல்லை.

கூகுள் கன்சென்ட் மோட் (வாசகர் கொடுத்த விடையை கூகுள் டேகுகளுக்குச் சொல்லும் ஏற்பாடு) இயக்கும் எண்ணம் இருந்தால்: ‘பேசிக்’ முறையில் அனுமதி வரும்வரை டேக் ஏறாது. ‘அட்வான்ஸ்ட்’ முறையில் டேக் முதலிலேயே ஏறி, மறுத்தவர்களிடமிருந்தும் குக்கீ இல்லாத சிறு கோரிக்கைகளை அனுப்பும். வாசகர் ‘நிராகரி’ அழுத்திய பிறகும் நெட்வொர்க் தாவலில் ‘கலெக்ட்’ ஓடுவதைப் பார்த்து மெயில் போட்டால் விளக்கம் சொல்லக் கஷ்டம். பேசிக் வையுங்கள். எந்த முறையானாலும் கன்சென்ட் மோடின் நான்கு அனுமதிகளையும் ‘மறுப்பு’ என்று அறிவிக்கும் இயல்புநிலை வரி, கூகுள் டேக் துண்டுக்கு மேலே இருக்க வேண்டும். கீழே போனால் டேக் அதைப் பார்ப்பதற்குள் முதல் கோரிக்கையை அனுப்பியிருக்கும்.

---

வலைத்தறி எழுதியது:

டொமைன் சேர்த்ததும் இரண்டு ஜிஏ குக்கீயும் போய்விட்டன, ரீலோடுக்குப் பிறகு திரும்பவில்லை. இயல்புநிலை வரி கீழேதான் இருந்தது, மேலே ஏற்றியாயிற்று. சஃபாரியில் செட்-குக்கீ வழியாக வந்த விடைக்கு ‘எக்ஸ்பயர்ஸ்’ பத்தியில் 180 நாள் காட்டுகிறது. எட்டாவது நாள் பேனர் வருகிறதா என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.